சிறுகோளும் சூரியப் புயலும்

(வந்தவாசியில் மாணவர்களும் பொதுமக்களும் கூடிய ஒரு சபையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சுக்கு விஷயத்தைத் தேர்ந்து கொடுத்தவர்கள் இவ்வூர் மாணவர்களே என்று கூட்டத்தை ஏற்பாடு செய்த அன்பர்கள் எனக்கு எழுதியிருந்தார்கள். கணினியிலும் கைபேசியிலும் விண்வெளிப் பிரயாண விளையாட்டுகளை ஆடும்போது, கிரகத்துக்குக் கிரகம் தாவிப் பாறைக் கூட்டங்களைத் தேடுகிறோமே, வழியில் சூரியப் புயல் வந்து கப்பலை ஆட்டுகிறதே, இவையெல்லாம் மெய்யான ஆகாயத்திலும் உண்டா, உண்டென்றால் அவற்றைக் கண்டுபிடிக்கிறவர்கள் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள் என்பது அவர்களுடைய கேள்வி. கேள்வி நல்ல கேள்வி. அதற்கு விடை தேடி நாம் அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ போக வேண்டியதில்லை. விடையின் ஒரு பாதி சென்னை நுங்கம்பாக்கத்திலும், நமக்கு மேற்கேயுள்ள ஜவ்வாது மலையிலும் இருக்கிறது. மறு பாதி கொடைக்கானலிலும் உதகமண்டலத்திலும் இருக்கிறது என்பதை எடுத்துச் சொல்லவே இங்கு வந்து நிற்கிறேன்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். ஏனெனில் பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றை இகழ்ந்து பேசுவது பெரியவர்களுக்கு அழகல்ல. 1979-ல் அட்டாரி நிறுவனத்தார் 'ஆஸ்டராய்ட்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். கறுப்புத் திரையில் ஒரு சிறிய முக்கோணக் கப்பல், நாற்புறமும் மிதந்து வரும் பாறைகள், அவற்றைச் சுட்டுத் தூளாக்குவது, அவ்வளவுதான். 1984-ல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு வாலிபர்கள் 'எலைட்' என்ற விளையாட்டை எழுதினார்கள். அன்றைய கணினியின் நினைவகம் மிகக் குறுகியதாக இருந்தமையால், ஒவ்வொரு உலகத்தையும் தனித்தனியே எழுதி வைக்காமல், ஒரு கணித விதியைக் கொடுத்து, ஆடுகிறவன் போய்ச் சேருகிற கணத்தில் அவ்வுலகம் அந்த விதியிலிருந்து தானே பிறக்கும்படி செய்தார்கள். அதே உபாயத்தைப் பெருக்கி, 2016-ல் வந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விளையாட்டு, ஒரு மனிதன் பல்லாயிரம் பிறவி எடுத்தாலும் பார்த்து முடிக்க முடியாத அளவுக்குக் கிரகங்களை வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்றை முதலில் கண்டவன் அதற்குத் தன் இஷ்டப்படி பெயர் சூட்டலாம் என்றும் சலுகை தருகிறது. சில வரிக் கணக்கிலிருந்து ஒரு பிரபஞ்சத்தை விரித்துக் காட்டுவது சாமானியமான காரியமல்ல. அதன் சாமர்த்தியத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆயினும் இவ்விளையாட்டுகளில் இரண்டு விஷயங்கள் இயற்கைக்கு மாறாக அமைந்திருக்கின்றன. ஒன்று, பாறைகளின் நெருக்கம். மற்றொன்று, அதைவிட முக்கியமானது, அங்கே காணப்படும் பொருளெல்லாம் காண்கிறவனுக்காகவே வைக்கப்பட்டது என்பது. ஸ்கேனரை ஒருமுறை தட்டினால் பாறைக் கூட்டம் இன்ன திசையில் இருக்கிறது என்று குறி தோன்றிவிடும். தேடுகிறவன் ஏமாந்து போகக்கூடாது என்பது விளையாட்டை அமைத்தவர்களுடைய தர்மம். ஆகாயத்துக்கு அந்தத் தர்மம் கிடையாது.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலே சிறுகோள்கள் நிரம்பிய ஒரு பிரதேசம் இருப்பது மெய்தான். 1801-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பியாட்ஸி என்ற துறவி, நட்சத்திர அட்டவணை ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, இடம் பெயர்கிற ஒரு புள்ளியைக் கண்டார். அதுவே சீரீஸ் என்று பெயர் பெற்ற முதல் சிறுகோள். இன்றைக்கு அறியப்பட்ட சிறுகோள்களின் தொகை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. பத்து லட்சம் என்றவுடன் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் பாறைகள் நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன; ஆனால் அப்பிரதேசத்தின் பரப்போ நம் கற்பனைக்கு அடங்காதது. ஒரு சிறுகோளின்மேல் நின்று பார்த்தால் சொல்லத்தக்க பருமனுள்ள அடுத்த சிறுகோள் சராசரியாக லட்சக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். அத்தனை சிறுகோள்களையும் ஒன்றாகத் திரட்டி உருட்டினாலும் நம் சந்திரனுடைய எடையில் நூற்றில் நான்கு பங்குகூடத் தேறாது. 1972-ல் புறப்பட்ட 'பயனியர் 10' என்ற விண்கலம் முதன்முதலாக அந்தப் பிரதேசத்துக்குள் புகுந்தபோது அது நொறுங்கிப்போகுமோ என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். 1973-ல் அது சேதமின்றி மறுபுறம் வெளிவந்தது. அதற்குப் பின் சென்ற கலங்களும் அப்படியே கடந்து போயின.

விளையாட்டுக்காரர்கள் காட்டும் நெருக்கம் எங்குமே இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. சனியின் வளையங்களில் தூசி முதல் வீட்டளவு வரையுள்ள பனிக்கட்டிகள், பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர் கனமே உள்ள ஒரு தகட்டுக்குள் திரண்டு சுழல்கின்றன. ஆகவே வளையம் பூண்ட கிரகத்தைச் சுற்றிப் பாறைக் கூட்டத்தைத் தேடச் சொல்லும் விளையாட்டு, உண்மைக்கு மிக அருகில் நிற்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம்.

பெரும் பாழ்வெளியில் ஆங்காங்கே கிடக்கும் இந்தச் சிறுகோள்களைப் பூமியிலிருந்து எவ்வாறு காண்பது? தொலைநோக்கியில் பார்த்தால் அது பாறையாகத் தெரியாது. பின்னால் இருக்கும் நட்சத்திரங்களைப் போலவே அதுவும் ஓர் ஒளிப்புள்ளி. இது நட்சத்திரம், இது சிறுகோள் என்று பிரித்துக் காட்டும் அடையாளம் அதன் முகத்தில் எதுவுமில்லை. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம்: நட்சத்திரம் தன் ஸ்தானத்தில் நிலைத்திருக்கும், சிறுகோள் நகரும். சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில், நடுநிசியில் உச்சி வானில் வரும் ஒரு சிறுகோள், ஓர் இரவுக்கும் மறு இரவுக்கும் இடையில் முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழப் பாதி தூரமே நகர்கிறது. எனவே அதைக் காண விரும்புகிறவன் அந்தப் பகுதியிலுள்ள ஒவ்வொரு நட்சத்திரத்தையும் நேற்றே அறிந்திருக்க வேண்டும். இன்று புதிதாய் ஒரு புள்ளி முளைத்திருக்கிறது என்று சொல்ல அவனுக்கு நேற்றைய வானம் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வித்தையில் தேர்ந்த ஒருவர் சென்னைப் பட்டணத்தில் முப்பது வருஷம் வாழ்ந்தார். அவர் பெயர் நார்மன் ராபர்ட் போக்ஸன். அவர் வேலை செய்த இடத்துக்கும் உங்கள் ஊருக்கும் ஒரு சரித்திர சம்பந்தம் உண்டு. 1760-ம் ஆண்டு ஜனவரி 22-ம் தேதி இங்கே நடந்த வந்தவாசிப் போரில் ஐர் கூட் என்பவருடைய ஆங்கிலப் படை லாலி பிரபுவின் பிரெஞ்சுப் படையை முறியடித்ததை நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதன் பயனாகத் தென்னாட்டில் வலுப்பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, கப்பல் ஓட்டவும் நிலம் அளக்கவும் வானசாஸ்திரம் இன்றியமையாதது என்று உணர்ந்து, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாராய்ச்சி நிலையத்தைக் கட்டியது. அதன் கருவிகளைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட மொழிகளில் வெட்டிய எழுத்துக்களோடு, இன்றைய வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நின்றுகொண்டிருக்கிறது. பீரங்கியால் வென்றவர்கள் எழுப்பிய நிலையம்தான். ஆனால் அங்கே நடந்த வேலையின் பலன் வென்றவர்களோடு நின்றுவிடவில்லை.

போக்ஸன் 1861-ம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தார். இங்கிலாந்தில் இருந்தபோதே சிறுகோள்களைக் கண்டவர். நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்க இன்றும் உலகெங்கும் வழங்கும் அளவுமுறையை 1856-ல் வகுத்தவர். வந்த சில வாரங்களிலேயே, அவ்வாண்டு ஏப்ரல் 17-ம் தேதி, ஒரு புதிய சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அதுவே. ஆகவே அதற்கு 'ஆசியா' என்றே பெயர் வைத்தார்கள். 1864-ல் 'சாப்போ', 1866-ல் 'சில்வியா', 1868-ல் 'கமிலா', 1885-ல் 'வேரா' என்று மேலும் நான்கு சிறுகோள்கள் சென்னை வானத்திலிருந்து அவருக்கு அகப்பட்டன. புகைப்படத்தின் உதவியின்றிக் கண்ணாலேயே பார்த்துச் செய்த வேலை இது. எண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியில் நட்சத்திரப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, தொலைநோக்கியில் ஒரு புள்ளியைப் பார்ப்பது, படத்தில் அது இருக்கிறதா என்று சரிபார்ப்பது, மறுபடி அடுத்த புள்ளிக்குப் போவது, படத்தில் இல்லாதது ஒன்று தென்பட்டால் குறித்துக்கொண்டு மறுநாள் இரவு மேகம் மறைக்காதிருக்க வேண்டுமே என்று காத்திருப்பது, இப்படியே வருஷங்கள் கழிந்தன. சில்வியாவின் கதை அதோடு முடியவில்லை. போக்ஸன் வெறும் புள்ளியாகக் கண்ட அந்தச் சிறுகோளுக்கு இரண்டு சந்திரன்கள் உண்டென்பது 2005-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இரண்டு துணைக்கோள்கள் உடையதென்று முதன்முதலாக அறியப்பட்ட சிறுகோள் அதுதான். கமிலாவுக்கும் அப்படியே இரண்டு என்பது பிற்பாடு தெரியவந்தது.

அந்த நிலையத்தில் அவர் தனியே இருக்கவில்லை. சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற நம் நாட்டு வித்வான் அங்கே உதவியாளராக இருந்தார். ஒளி ஏறியும் இறங்கியும் மாறுகிற ஒரு நட்சத்திரத்தை அவர் 1867-ல் கண்டுபிடித்தார். 1872-ல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1874-ல் சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே கடந்த அபூர்வ நிகழ்ச்சியைச் சாமானிய ஜனங்கள் புரிந்துகொள்ள வேண்டுமென்று நம் நாட்டு மொழிகளில் அதை விளக்கி எழுதினார். போக்ஸனுடைய புதல்வி எலிசபெத் ஐசிஸ் 1873 முதல் அந்நிலையத்தில் கணக்கிடும் பணியில் அமர்ந்து, 1881 முதல் சென்னை அரசாங்கத்தின் வானிலைப் பொறுப்பையும் சேர்த்து வகித்தார். 1886-ல் ராயல் வானியல் சங்கத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, பெண் என்ற காரணத்தால் ஏற்காமல் விட்டவர்கள், 1920-ல்தான் அவரை ஏற்றுக்கொண்டார்கள். விளையாட்டில் ஒருவன் தனிக்கப்பலில் போய்த் தனியே கண்டுபிடிக்கிறான். நுங்கம்பாக்கத்தில் ஒரு புள்ளியைப் பார்க்க ஒருவர், அதன் ஸ்தானத்தைக் கணக்கிட மற்றொருவர், ஏட்டில் பதிய வேறொருவர் என்று பலர் கூடினால்தான் ஒரு கண்டுபிடிப்பு நிறைவேறிற்று.

வேராவுக்குப் பின் நூறு வருஷத்துக்கு மேலாக இந்திய மண்ணிலிருந்து ஒரு சிறுகோளும் கண்டுபிடிக்கப்படவில்லை. அந்த மௌனம் கலைந்த இடம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர். இந்த ஊரும் காவலூரும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், பன்னிரண்டரை டிகிரி வடக்கில் இருக்கின்றன. இங்கிருந்து ஏறத்தாழ நேர்மேற்கே நூறு கிலோமீட்டருக்குள் அது இருப்பதால், இன்றிரவு உங்கள் தலைக்கு நேர் மேலே வரும் நட்சத்திரம் சுமார் மூன்று நிமிஷத்துக்குப் பிறகு காவலூர்த் தொலைநோக்கியின் கூரைக்கு மேலே போய்ச் சேர்கிறது. அவர்கள் பார்க்கும் வானமும் நீங்கள் பார்க்கும் வானமும் ஒன்றேதான்.

அந்த மலைக்காட்டைத் தேர்ந்தெடுத்தவர் வைணு பாப்பு என்ற வானியல் அறிஞர். 1968-ல், கொடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தின் பட்டறையிலேயே உருவாக்கப்பட்ட 38 செ.மீ. தொலைநோக்கியோடு அங்கே வேலை தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-ம் ஆண்டு மார்ச் 10-ம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்க நெருங்கியபோது, மறைப்புக்கு முன்னரே அந்நட்சத்திரம் சில விநாடிகள் மங்கியதைக் காவலூரில் இருந்த ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்பது அன்று உலகின் பல இடங்களில் எடுத்த இத்தகைய பதிவுகளால் நிலைநாட்டப்பட்டது. பாப்பு 1982-ல் காலமானார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டு, அதுவும் அந்நிலையமும் அவர் பெயராலேயே வழங்கலாயின.

சிறுகோள் அகப்பட்டது அந்தப் பெரிய தொலைநோக்கியில் அல்ல. வானத்தின் அகன்ற பரப்பை ஒரே படத்தில் பிடிக்கும் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில். ஆர். ராஜமோகன் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 'கல்கி' என்ற திட்டத்தின்கீழ், வானத்தின் ஒரே பகுதியை இடைவெளி விட்டு இருமுறை படம் பிடித்து, இரண்டு படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து வந்தார்கள். ஒரு படத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகள்; இரண்டிலும் ஒத்திராத ஒரு புள்ளி எங்கே என்பதே தேடல். ஆரணியில் தறிக்கு முன் உட்கார்ந்த நெசவாளர், ஆயிரக்கணக்கான பாவு இழைகளுக்கிடையே அறுந்துபோன ஓர் இழையை, அது அறுந்த மாத்திரத்திலே கண்டுகொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சரியான நெசவு எப்படியிருக்கும் என்று அவர் கண்ணுக்கு வருஷக்கணக்காகத் தெரிந்திருப்பதால் பிழை தானே வந்து கண்ணில் விழுகிறது. காவலூரில் வேலை செய்ததும் அத்தகைய கண்தான். 1988-ம் ஆண்டு பிப்ரவரி 17-ம் தேதி அவ்வாறு கண்ட சிறுகோளுக்கு, சுற்றுப்பாதை உறுதியாகி 4130 என்ற எண் வழங்கப்பட்ட பிறகு, 'ராமானுஜன்' என்று பெயரிட்டார்கள். ஈரோட்டில் பிறந்த அந்தக் கணித மேதையின் நூற்றாண்டு நிறைவு அப்போதுதான் கொண்டாடப்பட்டிருந்தது. காவலூரில் அகப்பட்ட மற்றொரு சிறுகோள், யுரேனஸின் முன்னே நட்சத்திரம் மங்கியதைக் கண்ட பட்டாச்சார்யாவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. விளையாட்டில் கண்ட கணமே பெயர் வைத்துவிடலாம். மெய்யான வானத்திலோ, மீண்டும் மீண்டும் கண்டு, அது போகும் பாதையைக் கணக்கிட்டு, இன்ன வருஷம் இன்ன இடத்தில் அது வரும் என்று சொல்லி, சொன்னபடியே அது வந்த பிறகுதான் பெயர் வைக்கும் உரிமை கிடைக்கும். அந்தத் தாமதம் ஒரு நியாயமான தாமதம்.

இனி, புயலுக்கு வருவோம். விளையாட்டுத் திரையில் சூரியப் புயல் என்றால் செந்நிற மின்னலும் இரைச்சலுமாக இருக்கும். ஐந்து நிமிஷம் ஒதுங்கி நின்றால் கடந்து போய்விடும். உண்மையில் விண்வெளி வெற்றிடமாதலால் அங்கே இரைச்சல் இல்லை. சூரியனின் மேற்பரப்பில் காந்த சக்தி முறுக்கேறி அறுந்து விடுபடும்போது, முதலில் ஒளி வெடிக்கிறது. அது எட்டு நிமிஷத்தில் நம்மை எட்டுகிறது. அதனோடு சில சமயம் கோடிக்கணக்கான டன் எடையுள்ள மின்னேற்றம் பெற்ற வாயு, காந்தப் புலத்தையும் சுமந்துகொண்டு கிளம்புகிறது. அது வந்து சேர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். அது பூமியின் காந்தக் கவசத்தில் மோதுவதையே காந்தப் புயல் என்கிறோம். பெரும்பாலும் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உடலுக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணம் இத்தகைய புயலினால் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருண்டு கிடந்தது. 2022 பிப்ரவரியில் ஒரே சமயம் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் ஏறக்குறைய நாற்பது, புயலினால் பருத்துப்போன மேல்வளிமண்டலத்தில் உராய்ந்து வீழ்ந்தழிந்தன.

சரித்திரம் அறிந்த இத்தகைய புயல்களில் மிகப் பெரியது 1859 செப்டம்பரில் வந்தது. அதற்குக் காரணமான ஒளிவெடிப்பை லண்டனுக்கருகே காரிங்டன் என்பவர் முதல் தேதி கண்டார். பதினெட்டு மணி நேரத்துக்குள் புயல் பூமியில் மோதியது. பம்பாயின் கொலாபா ஆராய்ச்சி நிலையத்தில், ஊழியர்கள் காந்தமானியின் அசைவைக் கண்ணால் பார்த்துக் கையால் எழுதிவந்தார்கள். முள் எவ்வளவு தூரம் சாய்ந்ததோ அவ்வளவையும் எழுதினார்கள். எழுதியவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. 2003-ல், அதாவது நூற்று நாற்பது வருஷங்களுக்கு மேல் கழிந்த பின்னர், விஞ்ஞானிகள் அந்த ஏட்டை எடுத்து வைத்துக்கொண்டுதான் அப்புயலின் வலிமையை மதிப்பிட்டார்கள். அதே நிலையத்தை, பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது, அதன் மின்னோட்டம் காந்தமானியைக் கலைத்துவிடும் என்ற காரணத்துக்காகவே, 1904-ல் அலிபாகுக்கு மாற்றினார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு பதிவேடு களங்கப்படக் கூடாதென்று ஒரு நிலையத்தையே இடம் பெயர்த்தவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள்.

தமிழ்நாட்டில் சூரியனைக் கண்காணித்த கதை பஞ்சத்திலிருந்து தொடங்குகிறது. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சென்னை ராஜதானியைச் சூறையாடியதை நம் பாட்டன்மார் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார்கள்; இந்த ஆற்காட்டுச் சீமையும் அதற்குத் தப்பவில்லை. மழை பொய்ப்பதற்கும் சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் சம்பந்தம் இருக்குமோ என்ற சந்தேகம் அக்காலத்து அறிஞர்களுக்கு எழுந்தது; சூரியனை நாள்தோறும் நோக்க ஓர் இடம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு அது வலுவூட்டியது. அதன் விளைவாகச் சென்னை நிலையத்தின் வானாராய்ச்சி 1899-ல் கொடைக்கானல் மலைக்கு மாற்றப்பட்டது. அங்கே 1909-ல் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அந்த நிகழ்ச்சி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆனால் அந்தக் கண்டுபிடிப்பைவிடப் பெரிய சாதனை ஒன்று கொடைக்கானலில் உண்டு என்பது என் அபிப்பிராயம். 1904 முதல் மேகம் விட்ட நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்துக் கண்ணாடித் தகடுகளில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இரண்டு உலக யுத்தங்கள் வந்து போயின, ஆட்சி மாறியது, படம் எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் கிழவர்களானார்கள். படம் எடுப்பது நிற்கவில்லை. மழைக்கும் கரும்புள்ளிக்கும் நேரான சம்பந்தம் நிலைநாட்டப்படவில்லை என்றாலும், பதினோரு வருஷத்துக்கொரு முறை கூடிக் குறையும் சூரியனின் குணத்தை ஆராயும் எந்த நாட்டு விஞ்ஞானியும் இன்று அந்தத் தகடுகளை அலட்சியம் செய்ய முடியாது.

உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் என்ற விஞ்ஞானி அமைத்த ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் வேலை செய்கிறது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள அதை, அவ்விடத்தின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவே, அதாவது பதினோரு டிகிரி, இயற்கையிலேயே சாய்ந்திருந்த ஒரு மலைச்சரிவின்மீது வடக்குத் தெற்காகக் கிடத்தினார்கள். அதனால் தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அந்த ஒரே அச்சில் திருப்பினாலே வானப் பொருள் ஒன்றை மணிக்கணக்காகத் தொடர முடிகிறது. மலையின் சரிவையே இயந்திரத்தின் ஓர் உறுப்பாக்கிய அந்தப் புத்தி வியக்கத்தக்கது. தூரத்து ரேடியோ அலைமூலங்கள் சூரியக் காற்றின் ஊடே வரும்போது மினுமினுப்பதை அளந்து, புயல் எந்த வேகத்தில் வருகிறது என்று அங்கே மதிப்பிடுகிறார்கள். உதகமண்டலத்திலேயே காஸ்மிக் கதிர்களை ஆராயும் 'கிரேப்ஸ்-3' என்ற நிலையம், 2015 ஜூன் 22-ம் தேதி சுமார் இரண்டு மணி நேரம் பூமியின் காந்தக் கவசம் தளர்ந்து, வழக்கத்துக்கு மேல் கதிர்கள் உள்ளே நுழைந்ததைப் பதிவு செய்தது. தெற்கே காந்த நடுக்கோடு கடக்கும் திருநெல்வேலிப் பகுதியிலும் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே தலைக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகல் வேளையில் ஓடும் மின்னோட்டம் இத்தகைய ஆராய்ச்சிக்கென்றே அமைந்த ஒரு வசதி.

இந்த வரிசையில் கடைசியாக வந்தது ஆதித்யா-எல்1 என்ற விண்கலம். 2023 செப்டம்பர் 2-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, பூமியிலிருந்து சூரியனின் திசையில் பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஸ்தானத்தை 2024 ஜனவரி 6-ம் தேதி அடைந்தது. அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி என்பது நமக்குப் பெருமை. அவ்வாண்டு மே மாதம் 10, 11 தேதிகளில் இருபது வருஷங்களில் காணாத காந்தப் புயல் வீசியபோது, லடாக்கின் ஹான்லே வானம்கூடச் சிவந்தது. புயலின் காற்று பூமியைத் தொடுவதற்கு முன் தன்னைக் கடந்து போனதை ஆதித்யா அளந்தது.

அன்பர்களே, இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே உண்மை துலங்குகிறது. சிறுகோளைக் கண்டவர்களும் புயலை அறிந்தவர்களும் நேற்றைய வானத்தைப் பத்திரமாகப் பதிந்து வைத்திருந்தவர்களே. பதிவேடு இல்லாதவனுக்குப் புதியது எதுவும் புலப்படாது. ஏனெனில் பழையது இன்னதென்று அவனுக்குத் தெரியாது. போக்ஸனுடைய நட்சத்திரப் படமும், கொலாபாவின் ஏடும், கொடைக்கானலின் கண்ணாடித் தகடும் கண்டுபிடிப்புக்கு முன்னேற்பாடுகள் என்று நாம் நினைக்கிறோம். கண்டுபிடிப்பின் பெரும்பகுதி அவைதான். மிச்சம் ஒரு கணத்து வேலை. விளையாட்டு அந்த ஒரு கணத்தின் இன்பத்தை மட்டும் எடுத்துத் தருகிறது. அந்த இன்பம் பொய்யல்ல. ஆனால் அதற்கு முன்னால் உள்ள வருஷங்களின் ருசியை அது காட்டுவதில்லை.

ஆகவே மாணவர்களே, விளையாட்டை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அதில் பெற்ற ஆவலை மெய்யான வானத்தின்மேல் திருப்புங்கள். ஹவாய்த் தீவிலுள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்களைச் சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு பள்ளிக் குழுக்களுக்கு இலவசமாகவே கொடுக்கிறது. அடுத்தடுத்து எடுத்த படங்களைக் கணினியில் வரிசையாக ஓடவிட்டு, நகரும் புள்ளியைத் தேடுவது மாணவர்களுடைய வேலை. இந்திய மாணவர்கள் பலர் அதில் பங்குபெற்றுப் புதிய சிறுகோள்களைக் கண்டிருக்கிறார்கள். போக்ஸனும் ராஜமோகனும் செய்த அதே வேலை, ஒரு பள்ளிக் கணினி அறைக்குள் வந்திருக்கிறது. ஆசிரியப் பெருமக்கள் ஒரு குழுவைப் பதிவு செய்து கொடுத்தால் போதும். காவலூரிலும் பொதுமக்களுக்கென்று பார்வை நேரம் வைத்திருக்கிறார்கள். ஒரு பேருந்து ஏற்பாடு செய்து பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். தெரு விளக்கும் கடை விளக்கும் கீழ்நோக்கி எரிந்தால் வழி தெரியும். மேல்நோக்கி எரிந்தால் வானம் அழியும். இங்கே வீணாகும் வெளிச்சம் காற்றில் சிதறி மலைக்குமேலும் பரவுகிறது. விளக்குகளுக்கு மூடி போட்டு, தேவையற்றதை நள்ளிரவில் அணைப்பதற்குச் செலவு அதிகமில்லை, மின்கட்டணமும் மிச்சப்படும். அடுத்த சிறுகோளைக் காணப்போகிற பிள்ளை இந்தச் சபையிலேயே இருக்கலாம். அதற்கு வேண்டிய இருட்டைக் காத்துக் கொடுப்பது நம் பொறுப்பு. அதை இந்த ஆண்டே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.